மட்டக்குதிரையும் அது மேயும் நிலமும்

மட்டாஞ்சேரியில் கேமராவோடு நடப்பவருக்குப் படத்துக்குப் பஞ்சமில்லை. கடைத்தெருவின் பழைய பண்டகசாலைகள், யூதத் தெருவின் ஜன்னல்கள், டச்சு அரண்மனையின் சாய்ந்த ஓடு என்று காலையிலேயே கார்டு நிரம்பிவிடும். ஆனால் கயிறு அறியாத குதிரையை அதன் மேய்ச்சல் நிலத்திலேயே படமெடுக்க ஆசைப்பட்டால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். நமக்கு எட்டக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே இருக்கும் கோடியக்கரை. மற்றது, பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கிடக்கும் நெடுந்தீவு.

இரண்டு இடத்திலும் இருப்பவை உயிரியல் கணக்கில் காட்டு இனமல்ல. ஒருகாலத்தில் மனிதர் வளர்த்த மட்டக்குதிரைகளின் வழிவந்து, கட்டுவாரும் தீனி போடுவாரும் இல்லாமல் தலைமுறைகளாகத் தாமே பிழைத்து வருபவை. அசாமின் டிப்ரு-சைகோவா, நமீபியாவின் காரூப், அமெரிக்காவின் அசட்டீக் தீவு என்று உலகம் ‘காட்டுக் குதிரை’ என அழைக்கும் பெரும்பாலான கூட்டங்களின் கதையும் இதுதான். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய உயிரியல் இவ்வளவே.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாயத்துக் குதிரையையும் நெருங்கி நின்று எடுக்கலாம். முகமும் பிடரியும் மட்டும் நிறைந்த படத்தில் எது காட்டில் வாழ்வது, எது வாடகைக்கு நிற்பது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வித்தியாசம் குதிரையின் காலடி நிலத்தில்தான் தெரியும். ஆகவே கீழே வரும் குறிப்புகள் எல்லாம் எட்ட நின்று, நிலத்தோடு சேர்த்துக் குதிரையை எடுப்பதற்கானவை.

எப்போது போவது, எப்படிப் போவது

கோடியக்கரை வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் மாறி மாறி வரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியது இந்த வேதாரண்யக் கரையில்தான். அந்த மாதங்களில் தடங்கள் சேறாகிவிடும், எந்த நாளிலும் பயணம் ரத்தாகலாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான காலத்தையே முதல் பயணத்துக்குச் சொல்வேன். புல் பச்சையாக இருக்கும், தண்ணீர் ஆங்காங்கே தேங்கியிருக்கும், சதுப்பில் பூநாரைகளும் இருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு தரை வெளுத்துவிடும். குதிரைகள் மிச்சமுள்ள நீர்நிலைகளைச் சுற்றியே நடமாடுவதால் கண்ணில் படுவது எளிது. ஆனால் அந்தப் பருவத்தில் அவை இளைத்து, தண்ணீருக்கு அலைந்துகொண்டிருக்கும். நம்மால் ஒரு வாய்த் தண்ணீரும் அவற்றுக்குத் தடைபடக் கூடாது. பழகாதவர்கள் கோடையில் போக வேண்டாம்.

எர்ணாகுளத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நேரடி விரைவு ரயில் உண்டு. அது தினசரி வண்டியல்ல, ஓடும் கிழமைகளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். வேளாங்கண்ணியிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ பேருந்தில் வேதாரண்யம் போய், அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே இறங்கினால் கோடியக்கரை. வேதாரண்யத்திலேயே தங்குவதானால் விடியுமுன் அழைத்துப்போக ஒரு ஆட்டோக்காரரை முதல் நாள் மாலையே பேசி வையுங்கள். காலையில் அரை மணி நேரம் தாமதித்தால் அன்றைய நல்ல வெளிச்சம் போய்விடும்.

அனுமதி

கோடியக்கரை 1967இல் வெளிமான்களுக்காக அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயம். 2002இலிருந்து ராம்சார் ஈரநிலமும்கூட. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, படமெடுக்கச் சரணாலயத்துக்குள் நுழைவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். குதிரை வளர்ப்பு விலங்குதானே என்ற வாதம் அங்கே எடுபடாது. சட்டம் அந்த நிலத்தையும் சேர்த்தே காக்கிறது.

1. வனச்சரக அலுவலகத்தில் நேரில் போய் அன்றைய நுழைவு நேரம், கட்டணம், எந்தத் தடங்கள் திறந்திருக்கின்றன என்று கேளுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருந்தால் அதற்கும் சீட்டு வாங்கிவிடுங்கள்.
2. வனக்காவலரையோ அலுவலகம் காட்டும் உள்ளூர் வழிகாட்டியையோ உடன் அழைத்துக்கொள்ளுங்கள். ‘அண்ணே, இன்னைக்குக் குதிரை எந்தப் பக்கம் மேயுது?’ என்று அவரிடம் கேட்பது எந்த வரைபடத்தையும்விடப் பலன் தரும்.
3. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அதன் இரைச்சலில் குதிரை மட்டுமல்ல, சதுப்பில் இறங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான பறவைகளும் கலையும்.

மட்டாஞ்சேரியில் ஒத்திகை

பயணத்துக்கு முன் நம் தெருவிலேயே ஒரு பயிற்சி செய்துவிடலாம். மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சித் தெருக்களில் ஆடுகள் அவிழ்த்துவிட்டபடி திரிகின்றன. பூட்டிய கிடங்குக் கதவோரம் படுத்திருக்கும், திண்ணையில் ஏறி நிற்கும், சுவரொட்டியை உரித்துத் தின்னும். ஆடும் குதிரையைப் போலவே மேய்ந்து, மிரண்டு, கூட்டத்தோடு நகரும் பிராணி. பக்கவாட்டில் கண்கள், ஒவ்வொன்றாகத் திரும்பும் காதுகள் இரண்டுக்கும் உண்டு. காதையும் தலையையும் வைத்து அடுத்த அசைவை ஊகிக்க இதைவிட வசதியான பள்ளிக்கூடம் கிடைக்காது.

1. சரக்கு வண்டிகள் கடைத்தெருவை அடைக்குமுன், விடிந்த கையோடு போங்கள். ஆட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. கிடங்கு வாசலில் இருப்பவரை ‘இக்கா’ என்றோ ‘சேட்டா’ என்றோ அழைத்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.
2. இருபது அடி தள்ளித் தரையில் உட்காருங்கள். பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பாருங்கள். எந்தக் காது எந்தச் சத்தத்துக்குத் திரும்புகிறது, தலை நிமிர்வதற்கு எவ்வளவு முன்னால் திரும்புகிறது என்று கவனியுங்கள்.
3. அடுத்து, காது திரும்பும் கணத்தில் மட்டும் ஷட்டரை அழுத்துங்கள். தலை நிமிர்ந்த பிறகு எடுத்த படங்களோடு ஒப்பிட்டால், முன்கூட்டி எடுத்தவற்றில் ஒரு உயிர்ப்பு தெரியும்.
4. வெள்ளை ஆட்டைக் கரிய மரக்கதவின் முன்னாலும், கறுப்பு ஆட்டைச் சுண்ணாம்புச் சுவரின் முன்னாலும் எடுங்கள். கேமரா முதலாவதில் ஆட்டை வெளிறவைக்கும், இரண்டாவதில் இருளாக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானை விரல் பார்க்காமலே தொடப் பழகும்வரை இதைச் செய்யுங்கள். கோடியக்கரையில் வெண்மணலும் உப்புத்தரையும் இதே வேலையைத்தான் காட்டும்.
5. நடந்துபோகும் ஆட்டை 1/30 விநாடியில், கேமராவை அதனோடு நகர்த்தியபடி எடுங்கள். பின்னால் சுவர் இழுபட்டு, ஆடு தெளிவாக நின்றால் கை பழகிவிட்டது என்று பொருள்.

மட்டாஞ்சேரி ஆடுகள் மனிதக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவை. ஆறடி அருகில் போனாலும் அசையாது. இங்கே பழகிய தூரத்தை மட்டும் கோடியக்கரைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பையில் என்ன

100–400 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். 70–300ஐ வைத்தும் நல்ல படம் எடுக்கலாம். நிலத்தைச் சேர்த்து எடுக்க 24–70 போன்ற ஒரு அகல லென்ஸ். ட்ரைபாடுக்குப் பதில் அரிசியோ பயறோ நிரப்பிய துணிப்பை, தரையில் வைத்து லென்ஸைத் தாங்க. தூரப்பார்வைக் கண்ணாடி கட்டாயம். மங்கிய பச்சை, காக்கி நிறத்தில் முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் காலணி, தொப்பி, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கைபேசி மட்டுமே வைத்திருப்பவர் தயங்க வேண்டாம். டிஜிட்டல் ஜூமைத் தொடாமல், பரந்த புல்வெளியில் சிறிதாகக் குதிரைகள் தெரிய எடுங்கள். இந்த அத்தியாயம் கேட்கும் படம் அதுதான்.

காதைப் படியுங்கள்

குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய உடலைச் சுற்றிலும் அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது தூரம், வாலுக்கு நேர் பின்னால். பின்னாலிருந்து போனால் அது திடுக்கிட்டு உதைக்கும். நேர் முன்னால் போவதோ அதற்குச் சவாலாகப் படும். பக்கவாட்டில், அதன் தோளுக்கு எதிராக, அது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி இருப்பதுதான் நல்லது.

காதுகள் தளர்ந்து பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கினால், பின்கால் ஒன்றை மடித்து ஊன்றியிருந்தால், அது ஓய்வில் இருக்கிறது. ஒரு காது உங்கள் பக்கமும் மறு காது வேறு பக்கமுமாக இருந்து, வாய் மென்றுகொண்டே இருந்தால், உங்களைத் தெரியும், பொருட்படுத்தவில்லை என்று பொருள். உங்களுக்கு வேண்டியது இந்த நிலைதான். இரண்டு காதும் விறைத்து உங்களை நோக்கி, மெல்லுவது நின்றுவிட்டால் அங்கேயே நில்லுங்கள். வாயில் பாதிப் புல் தொங்க மெல்லாமல் நிற்கும் குதிரை முடிவெடுத்துக்கொண்டிருக்கிறது. காதுகள் பிடரியோடு ஒட்டிப் பின்னால் படுத்தால் அது மிரட்டல். அப்போது பின்வாங்கியே ஆக வேண்டும்.

கூட்டத்தையும் படியுங்கள். பெரும்பாலும் ஒரு ஆண் குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் சேர்ந்தது ஒரு குடும்பம். இளம் ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும். எங்கே போவது, எப்போது நகர்வது என்பதை அடிக்கடி மூத்த பெட்டை ஒன்று தொடங்கிவைக்கும், ஆண் கடைசியில் வரும். ஆண் தலையைத் தரையோடு தாழ்த்தி, காதைப் பின்னால் படுக்கவைத்து, கழுத்தை அசைத்தபடி பெட்டைகளை ஓட்டினால் அது குடும்பத்தை ஒன்றுசேர்க்கிறது. பார்க்க மிக அழகான காட்சி. ஆனால் அதைத் தொடங்கிவைத்தது நீங்களாக இருந்தால் அருகில் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அணுகும் வரிசை

1. வண்டியை எட்டவே நிறுத்தி, முதலில் தூரப்பார்வைக் கண்ணாடியில் பாருங்கள். எத்தனை குதிரைகள், குட்டி உண்டா, ஆண் எங்கே, எந்தத் திசையில் மேய்ந்து நகர்கின்றன என்பதை அறிந்துகொள்ளும்வரை இறங்காதீர்கள்.
2. காற்றைப் பாருங்கள். அது குதிரையிடமிருந்து உங்கள் பக்கம் வீசட்டும். சூரியன் உங்கள் தோள் பக்கமோ, குதிரையின் பக்கவாட்டிலோ இருக்கட்டும்.
3. பின்தொடராதீர்கள். குதிரை நாளில் பாதிக்கு மேல் மேய்ச்சலில் கழிக்கும், மேய்ந்தபடியே நடக்கும். அது போகும் திசையைக் கணித்து, வெகுவாகச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்துவிடுங்கள். வருவதும் விலகுவதும் அதன் விருப்பம்.
4. நடக்கும்போது நேர்கோட்டில் போகாமல், வேறு எங்கோ போகிறவர் போலச் சாய்வாகப் போங்கள். அதன் கண்ணை நேருக்கு நேர் பார்க்காதீர்கள். ஒரு தலை நிமிர்ந்தாலும் நின்றுவிடுங்கள். மீண்டும் மெல்லத் தொடங்கிய பிறகே அடுத்த அடி.
5. 50 மீட்டருக்கு முன்பே உட்காருங்கள். ஒளிந்து ஒளிந்து வராதீர்கள். மறைந்து மறைந்து தோன்றும் உருவம் வேட்டையாடும் பிராணியின் உருவம். வெட்டவெளியில் அமர்ந்திருக்கும் மனிதனை அவை விரைவில் மறந்துவிடும்.
6. நீங்கள் உட்கார்ந்த இடம் தாய்க்கும் குட்டிக்கும் நடுவிலோ, கூட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவிலோ, ஆணுக்கும் பெட்டைகளுக்கும் நடுவிலோ இருந்தால், படம் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் எழுந்து மாறுங்கள். முள்காடும் நீரும் இருபுறம் அடைத்த மூலையில் குதிரையை ஒருபோதும் சிக்கவைக்கக் கூடாது.
7. அவை மேய்ந்துகொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். மெதுவாக எழுந்து, பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். கூட்டம் கலைந்து ஓடிய பிறகு வெளியேறினால் மறுநாள் வருபவருக்கு அந்தக் கூட்டம் கிடைக்காது.

அசட்டீக் தீவில் தேசியப் பூங்கா நிர்வாகம் குறைந்தது 40 அடி தள்ளி நிற்கச் சொல்கிறது. அது சுற்றுலாக் கூட்டத்துக்குப் பழகிய குதிரைகளுக்கு வைத்த எல்லை. நம் இடத்தில் 30 மீட்டருக்குக் குறைய வேண்டாம். குதிரையே உங்களை நோக்கி வந்தால் கையை நீட்டாமல், தீனி காட்டாமல், மெல்ல எழுந்து ஒதுங்கி வழிவிடுங்கள்.

வெளிச்சமும் அளவுகளும்

சூரியன் எழுந்து முதல் ஒன்றரை மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும்தான் வேலை நேரம். காரணம் நிழலின் அழகு மட்டுமல்ல. வெயில் ஏறியதும் சதுப்புத் தரையிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் கானல் எழும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் குதிரையின் கால்கள் நெளியத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கூர்மையான படம் தராது. பலர் இதை லென்ஸின் குறை என்றோ, கை நடுக்கம் என்றோ எண்ணிக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கானல் கிளம்பினால் நீள லென்ஸை மூடிவைத்துவிட்டு, குளம்புத் தடம், சாணக் குவியல், கடிபட்ட புல் நுனி என்று காலடியில் கிடப்பவற்றை எடுங்கள்.

தொடக்க அளவுகள் இவை. நின்று மேயும் குதிரைக்கு 1/500, நடப்பதற்கு 1/800, பாய்ச்சலுக்கு 1/1600 அல்லது அதற்கு மேல். அப்பர்ச்சர் எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை. இரண்டு மூன்று குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் எஃப் 8. ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விட்டு 3200ஐ மேல் எல்லையாக வையுங்கள். விடியலில் படம் சற்றே பொரிந்தாலும் பரவாயில்லை, அசைந்துவிட்டால் எதற்கும் உதவாது. உப்புத்தரையோ வெளிறிய வானமோ பெரும்பகுதியை நிறைத்தால் வெளிச்சத்தை 0.7 முதல் 1 வரை கூட்டுங்கள். இருண்ட காட்டோரத்தில் நிற்கும் குதிரைக்கு 0.7 குறையுங்கள். ஃபோகஸ் உங்கள் பக்கத்துக் கண்ணில் நிற்கட்டும். உயரமான புல்லில் விலங்குக் கண்ணைத் தானாகத் தேடும் வசதி தடுமாறும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள்.

> குறிப்பு: 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து, பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்று காட்டினார். அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்காது, வயிற்றின் கீழ் மடங்கியிருக்கும். தொடர் படங்களிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது, மடங்கிய கால்கள் தெளிவாகப் பிரிந்து தெரியும் சட்டகத்தையும், முன்கால் முழுதாக நீளும் சட்டகத்தையும் தேடுங்கள். இடைப்பட்டவற்றில் கால்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும்.

பாய்ச்சல் படம் தானாக அமைந்தால் மட்டும் எடுங்கள். கைதட்டியோ, வண்டியின் ஹாரனை அழுத்தியோ ஓடவைத்து எடுத்த படத்தில் அந்தப் பயம் பதிந்திருக்கும். விரிந்த மூக்கும் வெள்ளை தெரியும் கண்ணும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நிலத்தை உள்ளே கொண்டுவருதல்

கோடியக்கரையில் சிறு பரப்புக்குள்ளேயே பல நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காடு, அதை ஒட்டிய புல்வெளி, அப்பால் சேற்றுப் பரப்பு, மேற்கே உப்பளங்கள். இவற்றுக்கிடையே சீமைக் கருவேலம் பரவிப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒரே குதிரையை இந்த நிலங்கள் ஒவ்வொன்றிலும் எடுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் வேறு படமாக வரும்.

இங்கே ஒரு சிக்கலையும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். சரணாலயம் வெளிமானுக்கானது. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி, குதிரை மேய்வதும் அதே புல்லைத்தான். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் இந்த நிலத்தின் வெளிமானையும், கட்டற்ற குதிரைகளால் அதற்கு வரும் நெருக்கடியையும் ஆராய்ந்திருக்கிறார்கள். குதிரையை நேசித்துப் போகிற நமக்கு இது கசப்பாக இருக்கும். அதற்காக மறைக்கக் கூடாது. முன்னால் முறுக்குக் கொம்புடன் ஒரு வெளிமான் கலை, பின்னால் மேயும் குதிரைக் குடும்பம், ஓரத்தில் ஏறிவரும் சீமைக் கருவேலம்: மூன்றும் ஒரே சட்டகத்தில் விழுந்தால் இந்த நிலத்தின் இன்றைய நிலை முழுவதும் அதில் இருக்கும். இந்த ஒரு படத்துக்காக ஒரு காலை முழுவதும் காத்திருந்தாலும் தகும் என்பேன்.

அமைப்புக்குச் சில யோசனைகள். தொடுவானத்தைக் குதிரையின் கழுத்தை வெட்டும்படி வைக்காதீர்கள். தரையோடு படுத்துச் சற்றுத் தாழ்த்தினால் தலை வானத்தில் தனியாக எழும். குதிரை பார்க்கும் பக்கம் வெளியை விடுங்கள். சட்டகத்தில் அதன் உயரம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகாத படங்கள் சிலவற்றையாவது எடுத்துவிட்டு, பிறகு ஜூமைத் தொடுங்கள். தேங்கிய நீரில் பிரதிபலிப்பு விழுந்தால் குளம்பையும் பிரதிபலிப்பையும் சேர்த்தே அடக்குங்கள், பாதியில் வெட்டாதீர்கள்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- தின்னக் கொடுத்து வரவழைப்பது. ரொட்டியும் பிஸ்கட்டும் குதிரையின் குடலுக்கு ஆகாது, அதன் வயிற்றுவலி உயிரையே எடுக்கும். மேலும் தீனிக்குப் பழகிய குதிரை சாலைக்கு வந்து வாகனத்தில் அடிபடும்.
- எல்லாப் படத்தையும் நின்ற உயரத்திலிருந்தே எடுப்பது. மட்டக்குதிரை உயரம் குறைந்தது. மேலிருந்து பார்த்தால் இன்னும் குறுகி, பின்னால் புல் மட்டுமே தெரியும்.
- புதிதாகப் பிறந்த குட்டியைக் கண்டதும் கூட்டமாகச் சூழ்வது. பிறந்த நாளில் அது பால் குடிக்கப் பழகும் நேரம் மிக முக்கியம். எட்டவிருந்து இரண்டு படம் எடுத்துவிட்டு விலகுங்கள். இடத்தைக் குறிப்பிட்டு எங்கும் வெளியிடாதீர்கள்.
- மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போவது. ஒருவருக்கு அடங்கி மேயும் கூட்டம், நால்வரின் பேச்சுக்கு எழுந்து போய்விடும்.

பாதுகாப்பு

சேறுதான் முதல் ஆபத்து. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குக் கோடிக்கரைப் புதைசேறு நினைவிருக்கும். மேலே காய்ந்து வெடித்த தரை போலத் தெரிந்தாலும், சதுப்பில் ஓரடிக்குக் கீழே களி குழைவாக இருக்கும். குதிரை நடந்த தடம் நம்மைத் தாங்கும் என்று நம்பாதீர்கள். வழிகாட்டி கால் வைக்காத இடத்தில் நீங்களும் வைக்க வேண்டாம். சிக்கினால் உதறாமல், பையைத் தரையில் போட்டு அதன்மேல் உடலைச் சாய்த்து, ஒவ்வொரு காலாக மெதுவாக விடுவியுங்கள்.

அடுத்தது பாம்பு. காலைக் குளிரில் மணலிலும் புல் அடியிலும் விரியன்கள் அசையாமல் கிடக்கும். படுத்து எடுக்கப் போகும் இடத்தை முதலில் ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். கடிபட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து 108ஐ அழைத்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நாட்டு வைத்தியத்துக்கு ஒரு நிமிடமும் செலவிடக் கூடாது.

குதிரையின் உதை எலும்பை முறிக்கும். இரண்டு ஆண்கள் சண்டையிடும்போது அவை எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லவே முடியாது. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது தூரமும் குறைவாகவோ அதிகமாகவோ ஏமாற்றும். ஆகவே சண்டை தொடங்கினால் ஒரு கண்ணை வெளியே வைத்திருங்கள், பின்னால் ஒரு மரமோ வண்டியோ இருக்கட்டும். சீமைக் கருவேல முள் செருப்பைத் துளைத்து ஏறும், பழைய டயர் செருப்புகூடத் தாங்காது. பத்து மணிக்குமேல் நிழலுக்குத் திரும்பிவிடுங்கள்.

நெடுந்தீவு: அடுத்த கட்டம்

கோடியக்கரையில் கை பழகியவர்களுக்கு நெடுந்தீவைச் சொல்வேன். கொச்சிக்காரர்களுக்கு அங்கே ஒரு பழைய தொடர்பும் உண்டு. போர்த்துக்கீசரிடமிருந்து ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை 1658இலும் கொச்சியை 1663இலும் கைப்பற்றினர். நம் டச்சு அரண்மனையைப் புதுப்பித்த அதே ஒல்லாந்தர்தான் நெடுந்தீவுக்குத் தம் ஊரான டெல்ஃப்டின் பெயரை வைத்தவர்கள். தீவின் குதிரைகள் அந்த ஐரோப்பியர் காலத்து வளர்ப்பின் மிச்சம். பிறகு பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அயர்லாந்து அதிகாரியும் அங்கே குதிரை வளர்ப்பைக் கவனித்தார்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிற்கும், ஆகவே ஓடுகிறதா என்று உறுதி செய்து, கடவுச்சீட்டும் இலங்கை விசாவும் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்து, அங்கிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பினால் உச்சி வெயில் மட்டுமே கையில் மிஞ்சும். ஓரிரவு தீவிலேயே தங்க ஏற்பாடு செய்யுங்கள்.

இங்கே நிலம் முற்றிலும் வேறு. காடு கிடையாது. பனையும், பவளக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய நீண்ட மதில்களும், குட்டைப் புல்லும், சுற்றிலும் கடலும்தான். தொடர்ந்து ஓடும் மதில் கண்ணைக் குதிரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதை மூலையிலிருந்து சாய்வாக வரும்படி அமையுங்கள். பவளக்கல் வெயிலில் பளீரென்று ஒளிரும் என்பதால் மதிலின் வெளிச்சத்துக்கு அளவெடுத்து, குதிரையைச் சற்று நிழலாக விடலாம். தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அதற்குள் போவதற்கான விதிகளைத் துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நன்னீர் மிக அரிது, வறட்சியில் குதிரைகள் மடிந்திருக்கின்றன. கேணி, தொட்டி அருகே நின்று எடுப்பதை முழுமையாகத் தவிருங்கள். ஊர்க்காரர்களிடம் ‘அண்ணை, கட்டாக்காலிக் குதிரையள் எந்தப் பக்கம் நிக்குது?’ என்று கேட்டால் தயங்காமல் வழிகாட்டுவார்கள்.

திரும்பிய பின்

கோடியக்கரையின் உப்புக்காற்றும் கொச்சியின் ஈரமும் சேர்ந்தால் லென்ஸுக்குப் பெரும் கேடு. ஊர் சேர்ந்த அன்றே இதைச் செய்யுங்கள்.

1. கேமராவையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மணல் இருந்தால் துடைப்பதற்கு முன் ஊதியால் ஊதிவிடுங்கள், தேய்த்தால் கீறும்.
2. ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுக்கும்போது பையை மூடியபடியே அரை மணி நேரம் வையுங்கள். உடனே திறந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும், அந்த ஈரம்தான் பூஞ்சைக்கு வித்து.
3. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டாஞ்சேரியில் ஜெல் சீக்கிரம் நிறம் மாறும், வாரந்தோறும் பார்த்து மாற்றுங்கள். தோல் உறையை அதே டப்பாவில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும்.
4. படங்களை இரண்டு தனித்தனி இடங்களில் நகலெடுத்த பிறகே கார்டை அழியுங்கள்.

பிறகு ஒவ்வொரு படத்துக்கும் நாள், நேரம், நிலவகை, கூட்டத்தின் எண்ணிக்கை, குட்டிகள் எத்தனை, விலா எலும்பு தெரிகிறதா என்று எழுதி வையுங்கள். படத்தின் கீழ் ‘அரிய காட்டு இனம்’ என்று போடாதீர்கள். ‘கோடியக்கரை, கட்டற்றுத் திரியும் மட்டக்குதிரைகள்’ என்பதே உண்மை. ஒரு தொகுப்பை வனச்சரக அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். காய்ந்த மாதத்தில் மெலிந்த குதிரையும், அதே புல்வெளியில் வெளிமானும், முன்னேறிவரும் கருவேலமும் தேதியோடு பதிந்த படங்கள் அந்த நிலத்தைக் கவனிப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும்.